பானையை உடைத்தது யார்?

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளியில் கதை சொல்லும் போட்டி. சோபா மேல் ஏறி நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பால்காரப் பெண் கதை. தலையில் பால் குடம். பாலை விற்று முட்டை வாங்கலாம், முட்டை கோழியாகும், கோழியை விற்றுப் பன்றி, பன்றியை விற்று மாடு, கன்று என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டே நடக்கிறாள். கன்று குதிப்பதை நினைத்து இவளும் குதிக்கிறாள். குடம் உடைகிறது. அவ்வளவுதான் கதை.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம ஊர்க் கதைடி. அந்தக் கஞ்சப் பிராமணன் மாவுப் பானையை உதைச்ச கதை!"

"இல்ல பாட்டி. இது இங்கிலீஷ் புக்ல இருக்கு."

"இங்கிலீஷ் புக்ல இருந்தா? எங்க தாத்தா சொன்ன கதை இது!"

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் பி.காம். படித்தவன். பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று ஒரு பேரேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், செய்துவிடுவேன். கதைக்கும் அப்படி ஒரு பேரேடு இருக்குமா? தேடிப் பார்த்தேன். இருக்கிறது. அதுவும் ஆயிரத்து ஐந்நூறு வருடக் கணக்கு! இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பக்கத்துக்குப் பக்கம் ஒரு வகுப்பறை வருகிறது.

முதல் வகுப்பறையிலிருந்து ஆரம்பிப்போம்.

தெற்கே மகிலாரோப்பியம் என்றொரு நகரம். ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் படிப்பு ஏறாத கேஸ்கள். மந்திரிகளைக் கூப்பிட்டு ராஜா புலம்புகிறார். இலக்கணம் கற்கவே பன்னிரண்டு வருடம் ஆகுமே, அப்புறம் சாஸ்திரங்கள் எப்போது என்று அவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அப்போதுதான் விஷ்ணு சர்மாவின் பெயர் வருகிறது. எண்பது வயதுக் கிழவர். வந்தார், நிலம் தருகிறேன் என்றதை மறுத்தார். ஆறே மாதம் கொடுங்கள், தேற்றிக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சவால் விட்டார். உலகத்தின் முதல் 'க்ராஷ் கோர்ஸ்' விளம்பரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்!

சிலபஸ்? சிங்கம், நரி, காளை, காகம், ஆந்தை, குரங்கு, முதலை. ஐந்து பகுதிகள். அதனால்தான் பஞ்சதந்திரம். இந்த ராஜாவும் பிள்ளைகளும் நிஜமா, கதைக்காகச் செய்த கதையா என்றெல்லாம் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் நிச்சயம். இந்தப் புத்தகம் தன்னை ஒரு பாடப்புத்தகம் என்று சொல்லிக்கொண்டே பிறந்தது. பிள்ளைகளைத் தூங்கவைக்க எழுதியதல்ல, விழிக்கவைக்க எழுதியது.

ஐந்தாவது பகுதியில்தான் என் அம்மா சொன்ன கஞ்சப் பிராமணன் வருகிறான். பிச்சை எடுத்த சத்துமாவில் சாப்பிட்டது போக மிச்சத்தைப் பானையில் நிரப்பி, கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான். பஞ்சம் வந்தால் மாவு நல்ல விலைக்குப் போகும். ஆடு வாங்கலாம். ஆட்டிலிருந்து மாடு, மாட்டிலிருந்து எருமை, எருமையிலிருந்து குதிரை. அப்புறம் வீடு, மனைவி, பிள்ளை. பிள்ளையைக் கவனிக்காத மனைவிக்கு ஓர் உதை. கனவில் விட்ட உதை பானையில் பட்டது. உடம்பெல்லாம் மாவு.

சரி, இந்தப் பானை எப்படி வெளிநாடு போனது?

கி.பி. 6ம் நூற்றாண்டு. பாரசீகத்தில் குஸ்ரு அனுஷிர்வான் ராஜா. 531லிருந்து 579 வரை ஆண்டவர். அவரிடம் பர்ஸோய் என்று ஒரு வைத்தியர். இறந்தவரை எழுப்பும் மூலிகை இந்திய மலைகளில் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, இவர் கிளம்பி வந்ததாகப் பாரசீகர்கள் கதை சொல்கிறார்கள். மலை மலையாக அலைந்தார். ஒருவரும் எழவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் சிரித்தாராம். மலை என்றால் அறிஞர்கள், மூலிகை என்றால் அவர்கள் சொல், பிணம் என்றால் படிக்காதவன், நீ தேடுவது ஒரு புத்தகத்தை அப்பா! அந்தப் புத்தகம் அரண்மனைப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. வாசிக்கலாம், பிரதி எடுக்கக் கூடாது. பர்ஸோய் தினமும் கொஞ்சம் படித்து, மனப்பாடம் செய்து, ராத்திரி அறையில் எழுதினார் என்பது கதை.

ஊர் திரும்பினார். என்ன வேண்டும் கேள் என்றார் ராஜா. பொன் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. இந்தப் புத்தகத்தில் என் கதையை ஓர் அத்தியாயமாகச் சேர்த்துவிடுங்கள், போதும் என்றார். சேர்த்தார்கள். கதை எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்பது புத்தகத்துக்குள்ளேயே பதிவாகிவிட்டது. பேரேட்டில் முதல் என்ட்ரி!

பர்ஸோயின் பாரசீகப் பிரதி இன்றைக்கு இல்லை. அழிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அதிலிருந்து சிரியாக் மொழிக்கு ஒன்று போயிருந்தது. சுமார் 750ல் அரபிக்கு இன்னொன்று போனது. கரடகன், தமனகன் என்ற நம்முடைய இரண்டு நரிகள் அரபியில் 'கலீலா', 'திம்னா' ஆயின. புத்தகத்தின் பெயரே 'கலீலா வ திம்னா'தான். மொழிபெயர்த்தவர் இப்னுல் முகஃபா. பிறப்பால் பாரசீகர். அரபி உரைநடைக்கே பாதை போட்டவர்களில் ஒருவர்.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

நம்முடைய கதையில் சிங்கமும் காளையும் நண்பர்கள். தமனகன் இரண்டு பேருக்கும் நடுவில் கோள் மூட்டுகிறான். சிங்கம் காளையைக் கொன்றுவிடுகிறது. தமனகனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மந்திரியாக ஜம்மென்று உட்கார்ந்தான். ராஜாவாகப் போகிற பையன்களுக்கு விஷ்ணு சர்மா நடத்தியது ஒழுக்கப் பாடம் அல்ல, பிழைப்புப் பாடம். உன் பக்கத்தில் இப்படி ஒருவன் இருப்பான், ஜாக்கிரதை. அவ்வளவுதான்.

இப்னுல் முகஃபாவால் இதைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. அரபிப் பிரதியில் புதிதாக ஓர் அத்தியாயம் முளைத்தது. திம்னா மீது வழக்கு. விசாரணை. சாட்சிகள். கடைசியில் சிறையில் சாவு. இதை அவரே எழுதிச் சேர்த்தார் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலரும் ஏற்கும் முடிவு. அயோக்கியன் தப்பிக்கிற கதையைப் படிக்கிறவன் என்ன கற்றுக்கொள்வான் என்று அவர் கவலைப்பட்டிருக்க வேண்டும். கதையில் நீதி கிடைத்தது. நிஜத்தில்? அடுத்த சில ஆண்டுகளிலேயே அதிகாரத்தின் கோபத்துக்கு ஆளாகி, பஸ்ராவின் கவர்னரால் கொல்லப்பட்டார். நாற்பது வயதைத் தொடவில்லை.

அவருடைய புத்தகம் நிற்கவில்லை. 1251ல் ஸ்பானிஷ் மொழிக்கு வந்தது. அதே நூற்றாண்டில் ஹீப்ரு வழியாக லத்தீனுக்கு வந்தது. லத்தீனிலிருந்து ஜெர்மன். அச்சு இயந்திரம் வந்ததும் ஜெர்மனியில் அச்சான ஆரம்ப காலப் புத்தகங்களில் இதுவும் ஒன்று. இத்தாலிய மொழி. அங்கிருந்து 1570ல் தாமஸ் நார்த் என்பவர் கையால் ஆங்கிலம். ஐந்தாறு கை மாறிய சரக்கு. ஒவ்வொரு கையிலும் பேக்கிங் மாறியது.

பானை என்ன ஆனது? அரபியில் மாவு போய்த் தேனும் நெய்யும் வந்தன. பிராமணன் போய்த் துறவி வந்தார். காலால் உதைப்பதற்குப் பதில் கைத்தடியால் ஓர் அடி. 13ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பாதிரியார்களின் பிரசங்கக் கதைகளில் பார்த்தால், ஒரு கிழவி பால் கொண்டுபோகிறாள். 1335ல் ஸ்பெயினில் ஒரு பெண் தேன் பானையைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போகிறாள். 1678ல் பிரான்ஸில் லா ஃபோன்டேன் எழுதிய கவிதையில் அவள் பெயர் பெரெட், குடத்தில் பால். தொங்கிய பானை தலைக்கு வந்துவிட்டது. கஞ்சப் பிராமணன் பால்காரப் பெண் ஆகிவிட்டான்!

இந்தப் பயணத்தை முழுசாகக் கண்டுபிடித்து, 1870ல் லண்டனில் ஒரு சொற்பொழிவாகவே நிகழ்த்தியவர் மாக்ஸ் முல்லர். ஆக, எங்கள் வீட்டுச் சண்டையில் என் அம்மாவுக்கு ஒரு பாயின்ட்.

லா ஃபோன்டேன் நேர்மையான ஆள். அந்த 1678ம் வருடத் தொகுதியின் முன்னுரையிலேயே, இதில் பெரும்பகுதிக்கு நான் பில்பே என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டவன் என்று சொல்லிவிட்டார். பில்பே என்பது அரபிப் புத்தகத்தில் கதை சொல்கிற பண்டிதரின் பெயர், வாய்க்கு வாய் மாறி வந்தது. விஷ்ணு சர்மாவின் பெயர் வழியிலேயே தொலைந்துவிட்டது. ஆனால் 'இந்தியா' என்ற முகவரி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுக் குழந்தைகள் லா ஃபோன்டேனை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்கள். நம் ஊரில் ஆத்திசூடி மாதிரி. அப்போது ஒருவர் எழுந்து, நிறுத்துங்கள் என்றார். ரூஸோ. 1762ல் எழுதிய 'எமில்' என்ற புத்தகத்தில், காகத்தை ஏமாற்றி நரி பாலாடைக்கட்டியைத் தட்டிப் பறிக்கும் கதையை (நம் ஊரில் வடை!) வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார். காகம் மாதிரி ஏமாறாதே என்று நாம் சொல்லிக்கொடுப்பதாக நினைக்கிறோம். பிள்ளையோ நரியைத்தான் ரசிக்கிறான். நரியாக ஆசைப்படுகிறான். இதுதான் அவர் வாதம். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள், காக்கா ஆகணுமா, நரி ஆகணுமா?

ஆயிரம் வருட இடைவெளியில் பஸ்ராவிலும் பாரீஸிலும் இரண்டு பேருக்கு ஒரே பயம். ஒருவர் முடிவை மாற்றி எழுதினார். இன்னொருவர் கதையே வேண்டாம் என்றார். எனக்குத் தோன்றுகிற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு கதையின் பேரேடு. கீரிப்பிள்ளை.

குழந்தையைக் காவல் காத்த கீரி, பாம்பைக் கடித்துக் கொன்றுவிட்டு வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு வருகிறது. பிள்ளையைத்தான் கொன்றுவிட்டது என்று தாய் அதை அடித்துவிடுகிறாள். உள்ளே போனால் பிள்ளை சிரிக்கிறது. தமிழுக்கு இது புதுசே இல்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனியின் பாவம் தீரத் தானம் செய்து உதவியவன் கோவலன்.

இந்தக் கீரி மேற்கே போகப் போக, ஐரோப்பாவில் நாயாக மாறியது. கீரியையே பார்க்காத பிள்ளைகளுக்கு வேறு என்ன சொல்வது? பிரான்ஸில் லியோன் நகரத்துப் பக்கம் அந்த நாய்க்குக் கினிஃபோர்ட் என்று பெயர். 13ம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்டீபன் என்ற பாதிரியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜனங்கள் அந்த நாயைப் புனிதராகவே கும்பிடுகிறார்கள். நோஞ்சான் குழந்தைகளை அதன் சமாதிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் எலும்பைத் தோண்டி எரிக்கச் சொன்னார், சுற்றியிருந்த மரங்களையும்தான். பிரிட்டனில் வேல்ஸ் பக்கம் போனால் அதே நாய்க்கு கெலெர்ட் என்று பெயர், பாம்பு ஓநாயாகிவிட்டது. ஊர் பெயரே பெத்கெலெர்ட். கெலெர்ட்டின் சமாதி என்று அர்த்தம் சொல்கிறார்கள். சமாதியும் இருக்கிறது. டூரிஸ்ட் வர வேண்டுமே என்று 18ம் நூற்றாண்டுக் கடைசியில் ஒரு விடுதிக்காரர் கட்டிவிட்டது என்றும் சொல்கிறார்கள்!

சரி, எல்லாமே இங்கிருந்துதான் போனது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். பேரேட்டில் வரவுப் பக்கமும் இருக்கிறது.

பரமார்த்த குரு கதை நமக்கெல்லாம் எவ்வளவு சொந்தம்! மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். இதை எழுதியவர் இத்தாலியில் பிறந்து 1711ல் இங்கே வந்த பெஸ்கி பாதிரியார். நம் வீரமாமுனிவர். கவனிக்க வேண்டிய விஷயம், இதுவும் ஒரு வகுப்பறைக்குப் போன சரக்கு. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஜனங்கள் பேசுகிற தமிழைப் பழகுவதற்கு உதவிய புத்தகம். 1822ல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் அதைத் தமிழ் மூலத்தோடு ஆங்கிலத்தில் அச்சிட்டதும் தமிழ் படிப்பவர்களுக்காகத்தான்.

ஆற்றைக் கடந்த குருவும் சீடர்களும் தலையை எண்ணுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருத்தரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுவார்கள். இங்கிலாந்தில் கோதம் என்ற கிராமத்து முட்டாள்களைப் பற்றிய பழைய கதைகளில், மீன் பிடிக்கப்போன பன்னிரண்டு பேர் இப்படியேதான் பதினொன்று என்று எண்ணி அழுகிறார்கள். அப்படியானால் பெஸ்கி ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தாரா? இருக்கலாம். ஆனால் அவருக்கு ஆயிரம் வருடம் முன்னாலேயே, ஆற்றைக் கடந்து பத்தாவது ஆளைத் தொலைத்தவர்களின் உவமையை வேதாந்திகள் வைத்திருந்தார்கள். ஆதிசங்கரரின் உபதேச சாஹஸ்ரியில் இருக்கிறது. 'அந்தப் பத்தாவது ஆள் நீதான்' என்று ஆன்ம விசாரத்துக்கு உதாரணம். ஒரே கதை. ஒரு வகுப்பில் ஜோக், இன்னொரு வகுப்பில் தத்துவம். யார் யாரிடம் வாங்கினார்கள்? எந்த ஆடிட்டராலும் இந்தக் கணக்கை டேலி செய்ய முடியாது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய வேடிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. இருபது வயதுகூட நிரம்பாத வெள்ளைக்காரப் பையன்கள் கப்பல் கப்பலாக இறங்கினார்கள். ஆள வேண்டும், பாஷை தெரியாது. என்ன பாடம் வைப்பது? கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி மாணவர்களுக்காக 1804ல் செராம்பூரில் ஹிதோபதேசத்தை அச்சிட்டார்கள். பஞ்சதந்திரத்திலிருந்து பிறந்த புத்தகம். இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியில் பாரசீகம் படிக்க 'அன்வாரே சுஹைலி'. கலீலா, திம்னாவின் பாரசீக வாரிசு. சென்னையில் எல்லிஸ் துரை முயற்சியில் 1812ல் கோட்டைக் கல்லூரி உருவானது. அங்கே தமிழ் ஆசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழாக்கினார். 1826ல் அச்சானது. தமிழ் உரைநடையின் ஆரம்பகாலப் பாடப்புத்தகங்களில் முக்கியமானது. அதே 1826ல் பாரீஸில் இன்னொரு பஞ்சதந்திரம், பரமார்த்த குருவோடு சேர்த்து, பிரெஞ்சில் அச்சாகிறது. மொழிபெயர்த்தவர் தென்னிந்தியாவில் முப்பது வருடம் சுற்றித் திரிந்த பாதிரியார் துபுவா.

விஷ்ணு சர்மாவின் கிளாஸ் மறுபடி நடக்கிறது, பார்த்தீர்களா? ராஜாவின் பிள்ளைகள் இருந்த பெஞ்சில் இப்போது கம்பெனியின் பிள்ளைகள். சிலபஸ் மட்டும் அதே சிலபஸ்.

ஜெர்மன் அறிஞர் ஹெர்டல் 1914ல் எண்ணிப் பார்த்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருநூறுக்கும் அதிகமான பஞ்சதந்திரங்கள் இருந்தன. ஆனால் ஒன்றுமட்டும் இல்லை. அசல்! விஷ்ணு சர்மா சொன்ன அந்த மூல நூல் நம்மிடம் இல்லை. பிற்காலப் பிரதிகள்தான் இருக்கின்றன. 1924ல் அமெரிக்கரான ஃபிராங்க்ளின் எட்ஜர்டன் மூலநூல் எப்படி இருந்திருக்கும் என்று மறுபடி கட்டிப் பார்த்தார். அதற்கு எதையெல்லாம் பயன்படுத்தினார் தெரியுமா? சமஸ்கிருதப் பிரதிகளோடு, பர்ஸோய் கொண்டுபோனதிலிருந்து கிளைத்த சிரியாக், அரபிப் பிரதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். நாம் தொலைத்த துண்டுகள் கடன் வாங்கியவன் வீட்டில் பத்திரமாக இருந்தன.

இதைத்தான் நம் வகுப்பறைகள் சொல்லாமல் விடுகின்றன. பிறநாட்டுக் கதை என்று நான்கு பாடம் இருக்கும். கதை, கீழே நீதி, அதற்குக் கீழே கோடிட்ட இடத்தை நிரப்புக. பேராசை பெருநஷ்டம். முடிந்தது. அது எந்த ஊர்க் கதை, யார் கொண்டுவந்தார், வழியில் என்ன மாறியது என்று ஒரு வரி கிடையாது. முகவரி கிழிந்த கவர்.

மூன்றாவது வழி ஒன்று என்றேனே, இதுதான். முடிவை மாற்ற வேண்டாம். கதையைத் தடை செய்யவும் வேண்டாம். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். பிராமணனையும் பால்காரப் பெண்ணையும். கீரியையும் நாயையும். தப்பித்த தமனகனையும் தண்டனை பெற்ற திம்னாவையும். அப்புறம் வாத்தியார் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஏன் மாற்றினார்கள்? கீரி இல்லாத ஊரைப் பற்றி ஒரு பிள்ளை பேசும். அரபிக்காரருக்கு ஏன் கோபம் வந்தது என்று இன்னொரு பிள்ளை கேட்கும். தமனகன் செய்தது சரியா என்று சண்டை வரும். வரட்டும். அங்கே நரிக்குக் கைதட்டுகிற பிள்ளையும் யோசிக்க ஆரம்பித்துவிடும். இதற்குத் தனிப் பணமோ புதுக் கட்டடமோ வேண்டாம். வகுப்பில் இரண்டு பாட்டிகள் இரண்டு விதமாகச் சொன்ன ஒரே கதை கிடைத்தால் போதும்.

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு வருகிறேன். இரண்டு பேரும் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். மகள் போட்டியில் முதலில் மாவுப் பானையைச் சொல்லி, அப்புறம் பால் குடத்தைச் சொல்லி, "இது அங்க போன கதை" என்று முடித்துவிட்டு வந்தாள். ஆறுதல் பரிசு கிடைத்தது. வழவழ தாளில், கலர் கலராகப் படம் போட்ட கதைப் புத்தகம்.

பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பிரித்தார்கள். இரண்டாவது கதை, முட்டாள் சிங்கத்தைக் கிணற்றுக்குள் குதிக்கவைத்த முயல். நம் பஞ்சதந்திர முயலேதான்.

அட்டையைத் திருப்பினேன். 'ஈசாப் கதைகள்' என்று போட்டிருந்தது.